மூலையில் இட்ட சிவப்புப் புள்ளி

போன வாரம் நான் நம் உலர்செடிக் கூடத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பிள்ளை, செடி ஒட்டிய பழைய தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஐயா, இந்த மூலையில சிவப்பு மையில ஒரு புள்ளி இருக்கே, இது செடியோட வகையைக் காட்டுதா?" என்று கேட்டார். "அதைக் கீழ வச்சிட்டுக் கையைக் கழுவுங்க, காரணத்தை அப்புறம் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற காரியமாக அது இல்லை. கேட்டவர் கையில் உறை இல்லாததையும் பார்த்தேன். ஆகையால் எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. ஊர் தென்காசி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நம் கல்லூரியில் செடிநூல் கற்பித்த ஒரு கத்தோலிக்கச் சாமியாருக்கு உதவியாளாகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அந்தக் கூடத்திலேயே இருந்தேன். செடியை எப்படி அழுத்துவது, எப்படி ஒட்டுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒரு மழைக்காலம் போனால் உங்கள் கை அதைத் தானாகவே படித்துக்கொள்ளும். கை படித்துக்கொள்ளாத ஒரு காரியம் உண்டு. அதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சாமியார் பனி பெய்கிற மலைநாட்டிலிருந்து வந்தவர். இளம் வயதில் சுரண்டைப் பக்கத்துக் கிராமங்களில் பூசை வைத்துக்கொண்டு அங்கேயே தமிழ் படித்தார். அதனால் அவர் வாயில் வந்தது சுத்தமான திருநெல்வேலித் தமிழ். வெள்ளைத் தாடி வைத்த மனிதர் "ஏலே, இங்கன வாலே" என்று கூப்பிட்டால் புது மாணவர்கள் திரும்பிப் பார்த்துத் திகைப்பார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் செடிச்சாமி. குற்றால மலையில் அவர் ஏறாத சரிவு இல்லை. சாரல் காலத்தில் அட்டை கடித்து ரத்தம் வழிய வழிய, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லையும் பாசியையும் பறித்து வருவார்.

உலகம் முழுக்க அவரைப்போல் சாமிமார் இருப்பதாகச் சொல்வார். ஒரு தீவில் ஒரு சாமியார் காற்றையும் மேகத்தையும் பார்த்துப் புயல் வருமுன் கப்பல்காரர்களை எச்சரிப்பாராம். இன்னொரு நாட்டில் ஒருவர் பூமி நடுங்குவதை ஊசியால் அளப்பாராம். வேறொருவர் ராத்திரியெல்லாம் நட்சத்திரம் எண்ணிவிட்டுக் காலையில் பூசை வைப்பாராம். "எல்லாம் ஒரே வேலைதாம்லே. சர்வேசுரன் செஞ்சு வச்சதை ஒழுங்காப் பாத்து எழுதி வைக்கது. அதுவும் ஒரு செபந்தான்" என்பார். அவர்களில் செடி சேர்ப்பவர்கள் கடல் கடந்து தாள்களை மாற்றிக்கொள்வார்கள். நம் அலமாரியில் இருக்கிற வெளிநாட்டுக் கட்டுகள் அப்படி வந்தவைதான்.

இனி அந்தப் புள்ளிக்குக் காரணமான மருந்துச் சீசாவுக்கு வருகிறேன்.

காய்ந்த செடியை விட்டுவைத்தால் பூச்சி அரித்துவிடும். ஒரு வருஷத்தில் தாளில் தூள்தான் மிஞ்சும். அதற்காகப் பாதரசத்திலிருந்து செய்த ஒரு வெள்ளைப் பாஷாணத்தை ஸ்பிரிட்டில் கரைத்து, பீங்கான் தட்டில் ஊற்றி, ஒவ்வொரு செடியையும் அதில் முக்கி எடுப்போம். எல்லா நாட்டிலும் அதுதான் அப்போது வழக்கம். சாமி முக்குவார், நான் வாங்கிக் காகிதத்தில் பரப்புவேன். குச்சியால் எடுத்தால் மெல்லிய பூ உடைந்துபோகும் என்று சாமி வெறுங்கையாலேயே எடுப்பார். குடித்தால் சாவு என்று எங்களுக்குத் தெரியும். அதனால் சீசாவைப் பூட்டி வைத்தோம். கை கழுவாமல் சாப்பிடமாட்டோம். இவ்வளவும் செய்தால் போதும் என்று இருந்துவிட்டோம். தோல் வழியாகவும், அந்தக் கதவடைத்த அறைக் காற்றின் வழியாகவும் அது ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் சாமியிடம் மாற்றம் கண்டோம். முதலில் கோபம். பென்சிலைக் காணோம் என்றால்கூட முகம் சிவந்து கத்துவார். கத்திவிட்டு மூலையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு ஈறில் ரத்தம். பிறகு மறதி. கடைசியில் கை நடுக்கம். கரும்பலகையில் அவர் எழுதினால் எழுத்து புழுப்போல நெளியும். பின்பெஞ்சில் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பூசையில் வந்ததுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. அப்பத்தையும் ரசத்தையும் உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சரியாகச் சொன்னோமா என்று சந்தேகப்பட்டு, திரும்பத் திரும்பச் சொல்வார். பூசைக்கு உதவி செய்கிற எனக்கு முழங்கால் மரத்துப்போகும். பின்னால் சனங்கள் இருமுவார்கள். ரசப் பாத்திரத்தைத் தூக்கும்போது அது அவர் கையில் ஆடும். பூசையில் திரு இரத்தமாகிவிட்ட அந்த ரசம் ஒரு சொட்டுச் சிந்தினாலும் பெரிய காரியம் என்று உங்களில் நம் வேதத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கல்லூரித் தலைவரான பெரிய சாமி என்னைக் கூப்பிட்டார். அவர் நல்லவர். ஆனால் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"சவரிமுத்து, டாக்டர் இதை நரம்புத் தளர்ச்சி என்கிறார். சீசன் முடியும்வரை குற்றாலத்தில் ஓய்வாக இருக்கட்டும். அருவியில் குளிக்கட்டும். நீயும் கூடப் போ."

"சரிங்க சாமி."

"பீடத்தில் ஏதாவது சிந்தினால் எனக்குத் தெரியவேண்டும். மறைக்காதே. அப்புறம் நான் அவருடைய பூசையை நிறுத்தவேண்டியிருக்கும். எனக்கும் அது பிரியமில்லை."

இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த மனிதர் ஊரை, தாய் தகப்பனை, மொழியை விட்டு வந்தது அந்தப் பூசைக்காக. செடியை எடுத்துக்கொண்டாலும் பிழைப்பார். பூசையை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

குற்றாலத்தில் தென்காசி வியாபாரி ஒருவரின் வீடு வாடகைக்குக் கிடைத்தது. அங்கே சமையலுக்கும் காவலுக்கும் மாடசாமி அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் பேச்சு. சாமியைப் பார்த்த மாத்திரத்தில் என்னிடம் காதோரமாகச் சொன்னார்: "பயப்படாதியும்வே. இந்தத் தண்ணி தலையில விழுந்தா எந்தக் கிறுக்கும் எறங்கிரும். எங்க ஆளு உங்க ஆளுன்னு தண்ணி பாக்காது."

உங்களுக்குத் தெரிந்திருக்கும், புத்தி கலங்கினவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். மூன்றாம் நாளோ என்னவோ, நாங்கள் பெரிய அருவிக்குப் போனபோது ராயகிரியிலிருந்து ஒரு சம்சாரி தன் மகனைக் கூட்டிவந்திருந்தார். வாலிபன். இடுப்பில் சங்கிலி. சங்கிலியின் மறு முனையைத் தகப்பன் தன் கையில் சுற்றிக்கொண்டு, அவனோடு தானும் தண்ணீரின் அடியில் நின்றார். குளித்து வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தபோது அந்த மனிதர் சாமியின் நடுங்குகிற கையைப் பார்த்தார்.

"சாமிக்கு என்ன சீக்கு?"

"ஒம் மவனுக்கு வந்ததுதான் அண்ணாச்சி. எனக்குச் சங்கிலி போடலை. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. தன் துண்டால் சாமியின் தலையைத் துவட்டிவிட்டார். சாமி சின்னப் பிள்ளைமாதிரித் தலையைக் குனிந்து கொடுத்தார்.

அடுத்த நாள் காலை, வீட்டு முன்னறையில் சாமி பூசை வைத்தார். நானும் அவரும் மட்டும். வெளியே சாரல். எழுந்தேற்ற நேரத்தில் பாத்திரம் அவர் கையில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் மணியை அடித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் பாத்திரத்தைத் தொட எனக்கு உரிமை கிடையாது. குருப்பட்டம் பெற்ற கை மட்டும்தான் அதைத் தொடலாம். என் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பீடத்துணியில் சிவப்பாக ஒரு கறை, கட்டைவிரல் அகலத்துக்கு.

சாமி கத்தவில்லை. செய்யவேண்டிய முறைப்படி அந்த இடத்தை வாயால் ஒற்றி எடுத்தார். பூசையை முடித்தார். துணியை மும்முறை அலசி, அந்தத் தண்ணீரை யாரும் மிதிக்காத இடத்தில், வேலியோரப் பாறை இடுக்கில் ஊற்றினார். பிறகு ஈரக்கையோடு என் பக்கம் திரும்பினார்.

"பெரிய சாமி உங்கிட்ட என்ன சொல்லி அனுப்புனாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிந்துனாச் சொல்லச் சொன்னாரு சாமி. சொன்னா உங்க பூசையை நிறுத்துவாராம்" என்றேன்.

"அப்போ சொல்லிரு."

"நான் சொல்லமாட்டேன் சாமி."

"பொறவு நீயும் பொய்யன் ஆயிருவ. ஒன்னை எதுக்கு நான் பொய்யனாக்கணும்?" அலசிய துணியை விரித்துக் காயப்போட்டார். "நானே நிறுத்திக்கிடுதேன். கை ஆட்டம் நிக்கிறவரைக்கும் பீடத்துல ஏறமாட்டேன். அதையும் அவருக்கு நானே சொல்லி அனுப்புதேன். ஒம் பாரம் எறங்குச்சா?"

இறங்கவில்லை. ஆனால் அவர் எனக்குக் காட்டிய வழி அது. வேலையில் உங்களுக்கு மேலே இருப்பவர் ஒரு பக்கமும், நீங்கள் நேசிக்கிறவர் ஒரு பக்கமும் இழுக்கிற நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு மறைக்கவும் வேண்டாம், முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லவும் வேண்டாம். யாரைப் பற்றிய காரியமோ அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அதிலிருந்து தினமும் விடியற்காலையில் மாட்டுவண்டி பிடித்துத் தென்காசியில் இருக்கிற நம் வேதக் கோயிலுக்குப் போவோம். சிவன் கோயிலின் இடிந்து நிற்கிற பெரிய கோபுரத்தைத் தாண்டும்போது பொழுது புலரும். கோயிலில் சாமி பின்வரிசையில், பீடி சுற்றுகிற பெண்களுக்கும் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் நடுவே, தரையில் முழங்காலில் நிற்பார். நன்மை அப்பம் வாங்க அவர்களோடு வரிசையில் வருவார். அவரை அறிந்தவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். "நீ முன்னால போ தாயி" என்பார்.

வாரங்கள் போயின. கல்லூரியிலிருந்து எனக்கு ஆள் வந்தது. மழை ஈரத்தில் கட்டுகளில் பூச்சி விழுந்துவிட்டது, உடனே வந்து மருந்தில் முக்கு என்று. சாமியை மாடசாமி அண்ணாச்சியிடம் விட்டுவிட்டுப் போனேன். ஈரம் உள்ளே வராமல் சன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, காலையிலிருந்து அந்திவரை தனியாக முக்கினேன். வாயில் செம்பைச் சப்பினமாதிரி ஒரு ருசி. சோறு பிடிக்கவில்லை. அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். சில வாரம் கழித்துக் குற்றாலம் திரும்பினேன்.

சாமி வாசலுக்கு வந்தார். தாடியைத் தானே கத்தரித்திருந்தார். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"ஏலே சவரி, இங்கன பாரு" என்று ஒரு தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மாடசாமி அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொல்லலையா வே? ரெண்டு வேளை, எண்ணெய் தேச்சு, அருவிக்கடியில நிறுத்துனேன். உங்க டாக்டர் செய்வானா இதை?"

மறுநாளே பூசை வைத்தார். அந்தப் பூசையில் பாத்திரம் கல்லில் ஊன்றினமாதிரி நின்றது. மணி அடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. நான் வாழ்ந்த நாளில் முழுச் சந்தோஷம் என்று சொல்ல அந்த ஒரு காலை உண்டு. அது காப்பி நேரம்வரைதான் நீடித்தது.

பூசை முடிந்து நான் அவருக்குக் காப்பி கொண்டுபோனேன். டவராவில் தம்ளர் கடகடவென்று அடித்துக்கொண்டது. காப்பி தளும்பி என் விரலில் ஊற்றியது. "ராத்திரி உறக்கமில்லை சாமி" என்று சொல்லிக்கொண்டே கீழே வைத்தேன். சாமி காப்பியைத் தொடவில்லை.

"கையை நீட்டு."

நீட்டினேன். விரல்கள் தனித்தனியாக ஆடின.

"எங்கன போயிருந்த நீ?"

"கல்லூரிக்குத்தான் சாமி. பூச்சி விழுந்துட்டுன்னு..."

"வாயில என்ன ருசி?"

சொன்னேன். அவர் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டார். மாடசாமி அண்ணாச்சி, "அதுக்கென்ன, இவரையும் நாளைக்கு அருவிக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவன் குளிக்க வேண்டாம். நானும் இனிக் குளிக்கலை."

"சீசன்ல குத்தாலத்துக்கு வந்து, கெணத்துத் தண்ணியை மோந்து ஊத்துற கிறுக்கை இப்பத்தான் பாக்கேன். எறங்குன கிறுக்கு திரும்ப ஏறிட்டு போல!"

சாமி சிரித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ரெண்டு காரியம் ஒரே சமயத்துல மாறிச்சு. அருவித் தண்ணி வந்தது. பாஷாணத் தண்ணி போச்சு. எது குணமாக்குச்சுன்னு தெரியணும்னா ஒண்ணை நிறுத்திப் பாக்கணும். பாஷாணத்தை நான் திரும்பத் தொட முடியாது. அப்போ அருவியைத்தான் நிறுத்தணும். உங்க அருவியைக் குறைச்சுச் சொல்லலை அண்ணாச்சி."

சீசன் முடியும்வரை நாங்கள் இருவரும் அருவிப் பக்கம் போகவில்லை. அவர் கை அப்படியே உறுதியாக நின்றது. என் கையும் மெல்ல மெல்ல அடங்கியது. கடைசி வாரத்தில் நானும் தம்ளரை ஏந்திக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். சாமி சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"இத்தனை வருசமா ஒங் கையில நான் வெசத்தைக் கொடுத்திட்டு இருந்திருக்கேன்லே" என்றார்.

அருவி குணமாக்கியது என்று நம்பியதில் மாடசாமி அண்ணாச்சிமீது தப்பில்லை. டாக்டரும் அதையேதான் நம்பினார். நானும் பூசையில் அதற்காகவே தோத்திரம் சொன்னேன். சந்தோஷம் வரும்போது யாரும் காரணம் கேட்பதில்லை. சாமி ஒருவர்தான் கேட்டார். கேட்ட பாவத்துக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லுகிறேன்.

கல்லூரிக்குத் திரும்பினோம். அலமாரியைத் திறந்தால் பூச்சி அரித்த செடி மரத்தூள்போல் கொட்டியது. நான் முக்கியது போக, இன்னும் பாதிக்குமேல் மருந்து காணாத கட்டுகள். எல்லாம் அவர் இளமை முதல் குற்றால மலையில் சேர்த்து, முக்க முறை வரும்வரை அந்துருண்டை போட்டுக் கட்டி வைத்தவை. அதில் சில சரிவுகளில் இப்போது காடே இல்லை. யுத்தத்துக்கு மரம் வெட்டி இறக்கிவிட்டார்கள். மறுபடி போய்ப் பறிக்கலாம் என்றால் பறிக்க அங்கே ஒன்றும் கிடையாது.

சாமி பெரிய சாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். நான் வாசலில் நின்றேன்.

"ரப்பர் கையுறை வாங்குவோம்" என்றார் பெரிய சாமி.

"யுத்தம் முடியிறவரைக்கும் ரப்பர் கிடைக்காது. காத்துல வர்றதுக்கு உறை போட முடியாது."

"அப்படியானால் கூலிக்கு இரண்டு ஆளை வைத்துக்கொள்ளலாமே. சில மாத வேலைதானே."

"கூலிக்காரன் கைக்கு நரம்பு கிடையாதா?" சாமியின் குரல் உயரவில்லை. பழைய கோபம் வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய சாமி தலைகுனிந்தார். "மன்னியுங்கள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அப்படியானால் விட்டுவிடுங்கள். செடிகள் போனால் போகட்டும்."

சாமி வெளியே வந்துவிட்டார். அன்று மாலை அந்த அறையின் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனிமே நீ இதுக்குள்ள வரக்கூடாது. தோட்டத்துல வேலை பாரு. சம்பளம் அதேதான், பெரிய சாமிகிட்டச் சொல்லிட்டேன்."

அவரே தனியாக முக்கப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "பூச்சி தின்னுட்டுப் போகட்டும் சாமி! மலையில மொளைச்சது, மலையோட போகுது. உங்க கையைவிட அது பெருசா?"

"என் கை எனக்குப் பெருசுதான்."

"பூசை வைக்க முடியாமப் போயிருமே!"

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே நினைத்தேன். அவர் ஒரு தாள்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தச் செடியில சிலது இனி பூமியில எங்கயும் இல்லாம இருக்கலாம்லே. இருந்துச்சுன்னு சொல்ல இந்தத் தாள் ஒண்ணுதான் சாட்சி. சர்வேசுரன் செஞ்ச ஒண்ணு, ஒருத்தரும் பேர் சொல்லாமக் காணாமப் போகக்கூடாது. ஒனக்குப் பிள்ளைக இருக்கு. எனக்கு இதுகதான் இருக்கு."

"அது பாவம் இல்லையா சாமி? தெரிஞ்சே உடம்பைக் கெடுக்கது?"

"அதை என் பாவசங்கீர்த்தனத்துல நான் கேட்டுக்கிடுதேன். நீ போய்த் தோட்டத்துக்குத் தண்ணி விடு."

மறுநாள் அவர் வைத்த பூசைக்கு நான்தான் உதவி செய்தேன். இன்னும் அதிக நாள் இப்படிப் பாத்திரத்தைத் தூக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பாத்திரத்தை வழக்கத்தைவிட நேரம் எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தார். துளி ஆட்டம் இல்லை. நான் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவர் இறக்கிவிடுவாரோ என்று இருந்தது.

பிறகு கதவை அடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மர இடுக்கியால் எடுத்தார். உடைகிற செடிகளைக் கையால் எடுத்தார். மருந்தில் முன்பு முக்கியதும் புதிதாக முக்கியதுமான ஒவ்வொரு தாளின் மூலையிலும், தொடுகிறவர்களுக்கு எச்சரிக்கையாகச் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தார். எனக்குத் தோட்டத்திலிருந்து சன்னல் கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரியும். சில மாதத்தில் அந்த முதுகும் ஆட ஆரம்பித்தது. பீடத்தில் ஏறுவதை அவராகவே நிறுத்திக்கொண்டார். கல்லூரிக் கோயிலில் என் பக்கத்தில், கடைசிப் பெஞ்சில் வந்து முழங்காலில் நிற்பார். வரவரப் பேச்சுக் குழறியது. ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ யாரு, சுரண்டைக்காரனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

யுத்தம் முடிந்து, அவர் கேட்டு எழுதிய கையுறைகள் பெட்டியாக வந்து சேர்ந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். கட்டுகள் எல்லாம் முடிந்திருந்தன.

பெரிய சாமி அவருக்குச் சாகிற நேரத்தில் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். சாதாரண சனங்களுக்கு உள்ளங்கையில் எண்ணெய் பூசுவார்கள். குருக்களுக்குப் புறங்கையில். உள்ளங்கை குருப்பட்டத்தன்றே பூசப்பட்டுவிட்டது என்பதால். சாமியின் கை நிற்காமல் உதறியது. பெரிய சாமி இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பாத்திரத்தை எட்டிப் பிடிக்க முடியாத என் கை, அன்றைக்கு அந்தக் கைகளைப் பிடித்தது. எண்ணெய் பூசி முடியும்வரை அசையாமல் வைத்திருந்தேன். தோல் காகிதம்போல் உலர்ந்திருந்தது.

பிள்ளைகளே, அவர் செய்தது சரி என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அவரைப்போல் செய்யுங்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். பூச்சி தின்னட்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். அவருக்காகப் பரலோக மந்திரம் சொல்லும்போதெல்லாம் அந்த வாக்குவாதம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதில் நான் ஜெயிக்கவே இல்லை. அவர் தன் கையைக் கொடுத்தது ஒருபுறம் இருக்கட்டும். கூலிக்காரன் கையையும் என் கையையும் கொடுக்கமாட்டேன் என்றாரே, அதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை ஆபத்து என்று தெரிந்தபின் அதை யார் தலையில் தள்ளலாம் என்று பார்க்காத வேறு ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சிவப்புப் புள்ளியைப் பற்றிக் கேட்டவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். அது செடியின் வகை இல்லை. அந்தத் தாளில் இன்னும் விஷம் இருக்கிறது. கட்டை அவிழ்க்குமுன் உறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்துவையுங்கள். முதல் கட்டுகளில் அந்தப் புள்ளி மிளகுபோல் வட்டமாக இருக்கும். போகப்போக ஓரம் கலைந்திருக்கும். கடைசி அலமாரிக்குப் போனால் அது புள்ளியாகவே இராது. மை இழுபட்டு, தாளின் விளிம்புவரை ஓடியிருக்கும். ஆனால் ஒரு தாளில்கூட அதை வைக்காமல் விடவில்லை. கையுறை வந்தபின் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

இந்த வயதில் இவ்வளவையும் நானே எழுதினேன். கை நடுங்கவில்லை.